கேஸ் ஃபர்னஸ் பற்றிக்கொண்ட நாலைந்து விநாடியில் அணைந்துவிடுகிறது – கண்ட்ரோல் போர்டை மாற்ற வேண்டுமா?

வடகாற்று:

வணக்கம். வீட்டில் இருப்பது டக்ட் வழியாகச் சூடான காற்றை அனுப்பும் கேஸ் ஃபர்னஸ், கண்டென்சிங் வகை (புகையின் ஈரம் உள்ளேயே தண்ணீராக வடியும்). புகை போக ஒரே ஒரு வெள்ளை பி.வி.சி. பைப் வெளியே போகிறது. எரிவதற்கான காற்றை ஃபர்னஸ் நிற்கும் அறையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. வாஷிங் மெஷினும் டிரையரும் அதே அறையில்தான்.

தெர்மோஸ்டாட் கூட்டியதும் சின்ன ஃபேன் சுற்றத் தொடங்குகிறது, கொஞ்ச நேரத்தில் இக்னைட்டர் சிவக்கிறது, பர்னர்கள் மூன்றும் பற்றிக்கொள்கின்றன. நாலைந்து விநாடியில் 'டக்' என்று வால்வு மூடி எல்லாம் அணைந்துவிடுகிறது. மறுபடி முதலிலிருந்து. சில முறை இப்படி முயன்றபின் நின்றுபோய், போர்டில் உள்ள எல்.இ.டி. விட்டுவிட்டு மின்னுகிறது. மெயினை அணைத்துப் போட்டாலும் இதேதான்.

ஃபில்டர் புதிது. தெர்மோஸ்டாட் பேட்டரியும் மாற்றியாயிற்று. பார்த்த டெக்னீஷியன் கண்ட்ரோல் போர்டு போய்விட்டது என்கிறார். மல்டிமீட்டர் இருக்கிறது, மைக்ரோ ஆம்பியர் ரேஞ்சும் அதில் உண்டு. போர்டுக்குச் செலவழிக்கும் முன் நானே பார்க்கக்கூடியது என்ன?

செம்பரிதி:

போர்டை இப்போது வாங்க வேண்டாம். இக்னைட்டர் ஒளிர்கிறது, வால்வு திறக்கிறது, தீ பற்றுகிறது என்றால் போர்டு தன் வேலையைப் பெரும்பாலும் சரியாகவே செய்கிறது. தீ பற்றியது அதற்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். தெரியாதபோது கேஸை மூடுவது அதன் கடமை. எரியாத கேஸ் வீட்டுக்குள் சேராமல் காப்பாற்றுவது அந்த 'டக்' சத்தம்தான்.

இந்த மாதிரி ஃபர்னஸில் எல்லாம் வரிசைப்படி நடக்கும். தெர்மோஸ்டாட் 24 வோல்ட்டை 'ஆர்' (R) என்ற சப்ளை முனையிலிருந்து 'டபிள்யூ' (W) என்ற சூடேற்றும் முனைக்கு இணைத்ததும், பிரஷர் ஸ்விட்ச் (இழுவையை உணரும் ஸ்விட்ச்) திறந்திருக்கிறதா என்று போர்டு பார்க்கும். திறந்திருந்தால் நீங்கள் சொன்ன சின்ன ஃபேனான இண்டியூசர் மோட்டார் ஓடும், இழுவை வந்ததும் பிரஷர் ஸ்விட்ச் மூடும். உள்ளே மிச்சமிருக்கும் கேஸை வெளியேற்ற 15 முதல் 30 விநாடி வெறும் காற்று ஓடும். பிறகு இக்னைட்டர் சூடாகும், வால்வு திறக்கும், தீ பற்றும். சில விநாடிக்குள் ஃபிளேம் சென்சாரிலிருந்து சிக்னல் வர வேண்டும். வந்தால் கிட்டத்தட்ட அரை நிமிடம் கழித்துப் பெரிய புளோயர் கிளம்பும்.

எனவே எந்தப் பாகம் என்று யோசிக்கும் முன் எந்த நேரத்தில் அணைகிறது என்று பாருங்கள். தீ பற்றி 10 விநாடிக்குள் அணைந்தால் சென்சார், அதன் வயர், எர்த், இந்த மூன்றில் ஒன்று. புளோயர் கிளம்பும் அந்த நொடியில் தீ ஆடினாலோ, பர்னரிலிருந்து முன்னால் சாய்ந்தாலோ ஹீட் எக்ஸ்சேஞ்சரில் (தீயின் சூட்டை வீட்டுக் காற்றுக்குக் கடத்தும் உலோக அறை) விரிசல் இருக்கலாம். அப்படியானால் உடனே அணைத்துவிட்டு, சோதித்துப் பார்க்கும்வரை போடவே கூடாது. நன்றாக எரிந்து 5, 10 நிமிடம் கழித்துத் தீ மட்டும் அணைந்து புளோயர் ஓடிக்கொண்டே இருந்தால் லிமிட் ஸ்விட்ச் (சூடு மிஞ்சினால் தீயை நிறுத்துவது): அடைத்த ஃபில்டர், மூடிக்கிடக்கும் வென்ட்கள், வேகம் குறைந்த புளோயர். தீயே பற்றவில்லை, இண்டியூசர் மட்டும் ஓடுகிறது என்றால் பிரஷர் ஸ்விட்ச், அதன் ரப்பர் ட்யூப், அடைத்த புகை பைப், தண்ணீர் நிற்கும் டிராப் பக்கம் போக வேண்டும்.

உங்களுடையது முதல் வகை. அறையும் அதையே சொல்கிறது. துணி மென்மையாக்கிகள், டிரையரில் போடும் ஷீட், ஸ்பிரே ஆகியவற்றில் உள்ள சிலிக்கோன் சேர்மங்கள் எரிகாற்றோடு உள்ளே போய்த் தீயில் சிலிக்காவாக மாறும். அது சென்சார் கம்பியில் கண்ணாடி மாதிரி மெல்லிய படலமாகப் படியும். கரி மாதிரி கறுப்பாகத் தெரியாததால் 'சென்சார் சுத்தமாகத்தானே இருக்கிறது' என்று பலர் விட்டுவிடுவார்கள். ஆனால் அந்தப் படலம் மின்சாரத்தைக் கடத்தாது.

சென்சார் வேலை செய்வது சூட்டினால் அல்ல. போர்டு அந்தக் கம்பியில் ஏசி வோல்டேஜ் கொடுக்கிறது. தீயில் இருக்கும் அயனிகள் வழியாகக் கம்பியிலிருந்து பர்னர் உலோகத்துக்குக் கரண்ட் போகிறது. கம்பி சின்னது, பர்னர் பெரியது என்பதால் ஒரு திசையில் அதிகமாகவும் எதிர்த்திசையில் குறைவாகவும் பாய்ந்து, மிச்சம் ஒரு சிறு டிசி கரண்டாக நிற்கும். பல போர்டுகளில் அது 2 முதல் 6 மைக்ரோ ஆம்பியர். 1-க்குக் கீழே இறங்கினால் நம்ப முடியாது.

சுத்தம் செய்ய: மெயின் ஸ்விட்சை அணைத்து, ஃபர்னஸ் பக்கத்தில் கேஸ் வால்வு கைப்பிடியையும் மூடுங்கள். பர்னர் அறைக் கதவைத் திறந்தால், இக்னைட்டருக்கு எதிர்ப்பக்கக் கடைசி பர்னரின் முன்னால் பீங்கான் அடியுடன் ஒற்றைக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும், ஒரே ஒரு வயர், ஒரே ஒரு ஸ்க்ரூ. பெரும்பாலும் கால் அங்குல ஹெக்ஸ். வயரைக் கழற்றும்போது வயரை இழுக்காமல் டெர்மினலைப் பிடித்து இழுங்கள். பிறகு மிக நைசான ஸ்டீல் வுல் அல்லது நைசான தேய்ப்புப் பஞ்சால் கம்பியைச் சுற்றிலும் தேய்த்து, சுத்தமான துணியால் துடையுங்கள். பஞ்சின் இழை ஒன்றுகூட பீங்கான்மேல் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது. இக்னைட்டரை விரலால் தொட வேண்டாம். சிலிக்கான் கார்பைடு வகையாக இருந்தால் தட்டினாலே உடையும், விரல் எண்ணெய் பட்ட இடத்தில் சூடு ஏறி விரிசல் விடும்.

எல்.இ.டி. எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணி, புளோயர் கதவின் உள்பக்க ஸ்டிக்கரில் ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கும் 'தீ உணரப்படவில்லை' என்ற பொருளில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

தணல்:

ஸ்டீல் வுல் தேடி அலைய வேண்டாமே. 120-ஆம் நம்பர் உப்புத்தாள் போட்டு நாலு இழுப்பு இழுத்தால் பளபளன்னு ஆயிடும். அவசரத்துக்கு அது போதும்.

செம்பரிதி:

தணல், அன்றைக்குப் பற்றும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவ்வளவு கரடான தாள் கம்பியில் கீறல் போடும், அடுத்த படிவு அந்தக் கீறல்களில்தான் சீக்கிரம் பிடிக்கும். கம்பியும் மெலியும். நைசான பஞ்சு கிடைக்காவிட்டால் கரடான வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைப்பதே மேல். சென்சார் விலை குறைந்த பாகம், குழிவிழுந்து போயிருந்தால் புதிது போடுங்கள். கம்பியின் நீளமும் வளைவும் பழையதைப் போலவே இருக்க வேண்டும். தீக்குள் நிற்காத சென்சார் எவ்வளவு புதிதானாலும் பயனில்லை.

மின்கம்பி:

துடைப்பதற்கு முன்னாடியே ஒரு ரீடிங் எடுத்து வெச்சுக்கோங்க, அப்பதான் துடைச்சதில் எவ்வளவு தேறிச்சுன்னு தெரியும்.

மெயின் ஆஃப். சென்சாரிலிருந்து வயரைக் கழற்றி, மீட்டரை நடுவில் வைக்கணும்: ஒரு லீட் வயர் முனையில், இன்னொன்று சென்சார் டெர்மினலில். குரோக்கடைல் கிளிப் போட்டுக்கோங்க, கையில் பிடிச்சுக்கிட்டு செய்யாதீங்க, ஏன்னா அந்த வயரில் ஷாக் அடிக்கும் அளவு ஏசி இருக்கு. டயலை டிசி மைக்ரோ ஆம்பியரில் வைங்க, சிவப்பு லீட் மீட்டரின் மைக்ரோ ஆம்பியர் சாக்கெட்டில் இருக்கணும். 10 ஆம்பியர் சாக்கெட்டில் இருந்தா ரீடிங் பூஜ்யம்தான் வரும், வீணா சென்சாரைக் குறை சொல்வீங்க. மைனஸ் குறி வந்தா லீட் மாறியிருக்கு, வேற ஒண்ணுமில்லை. சென்சார் பர்னர் அறையில் இருக்கறதால பெரும்பாலும் புளோயர் அறைக் கதவை மூடியே வெச்சு அளக்கலாம், கதவு ஸ்விட்சில் டேப் ஒட்ட வேண்டிய வேலையே இல்லை.

அடுத்து எர்த். இதைத்தான் யாரும் பார்க்கறதில்லை. செம்பரிதி சொன்ன அந்தக் கரண்ட் கம்பி – தீ – பர்னர் – ஃபர்னஸ் தகடு – எர்த் – போர்டுன்னு சுத்தி வரணும். எங்க அறுந்தாலும் போர்டுக்குத் தீ தெரியாது. முதலில் சப்ளையில் பாருங்க: லைனுக்கும் நியூட்ரலுக்கும் வர்ற வோல்டேஜும் லைனுக்கும் எர்த்துக்கும் வர்றதும் ஒண்ணா இருக்கணும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் ஏறக்குறைய பூஜ்யம். அங்க முழு வோல்டேஜ் காட்டினா லைனும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கு, நிறைய போர்டு அப்படி இருந்தா தீயை உணராது. சப்ளை லைவா இருக்கறப்ப இதை அளக்கப் பழக்கமில்லைன்னா எலக்ட்ரீஷியனை விட்டு அளக்கச் சொல்லுங்க.

அப்புறம் மெயினை அணைச்சுட்டு ஓம் ரேஞ்சில் மூணு இடம். பர்னர் தாங்கித் தகட்டிலிருந்து எர்த் ஸ்க்ரூ வரை 1 ஓமுக்குக் கீழே. சென்சார் வயர் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அதே மாதிரி. சென்சார் கம்பிக்கும் அதன் தகட்டுக்கும் இடையில் எதுவுமே காட்டக் கூடாது, ஏதாவது காட்டினா பீங்கான் விரிசல்.

அகல்விளக்கு:

இடையில் நுழைகிறேன், மன்னிக்கவும். எங்களுடையது ரேடியேட்டருக்குச் சுடுதண்ணீர் அனுப்பும் பாய்லர். அழுத்தம் குறைந்தது என்று காட்டி நின்றுவிடுகிறது. தண்ணீர் ஏற்றினால் ஓடுகிறது, சில நாளில் மறுபடி. இதற்கும் சென்சார்தானா?

செம்பரிதி:

இல்லை, அது வேறு கதை. ஆறியிருக்கும்போது கேஜில் 1 முதல் 1.5 பார் இருக்க வேண்டும். சூடானதும் 3 பாரை நெருங்கி, ஆறியதும் பூஜ்யத்துக்கு இறங்கினால் எக்ஸ்பான்ஷன் வெசலில் காற்று போய்விட்டது. விரியும் தண்ணீருக்கு இடமில்லாமல் சேஃப்டி வால்வு வழியாக வெளியே போகிறது. வெளிச்சுவரில் அந்த வால்வின் பைப் முனை ஈரமாக இருக்கிறதா பாருங்கள். சூட்டில் ஏறாமல் மெதுவாக இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிவு, ரேடியேட்டர் வால்வுகளின் அடியில் பச்சையாகவோ வெள்ளையாகவோ படிந்திருக்கும். அடிக்கடி புதுத் தண்ணீர் ஏற்றுவது நல்லதல்ல, ஒவ்வொரு முறையும் ஆக்சிஜன் உள்ளே போய் ரேடியேட்டரைத் துருப்பிடிக்க வைக்கும். விவரத்தோடு தனி இழை தொடங்குங்கள், அங்கே பேசலாம்.

வடகாற்று:

மிக்க நன்றி எல்லோருக்கும். ஸ்டிக்கரில் பார்த்தேன், 'தீ உணரப்படவில்லை' என்றே இருக்கிறது.

துடைக்கும் முன் 0.4 மைக்ரோ ஆம்பியர். ஸ்டீல் வுல்லால் துடைத்தபின் 1.1. ஃபர்னஸ் ஓடுகிறது, ஆனால் ரீடிங் 0.8-க்கும் 1.2-க்கும் இடையில் ஆடிக்கொண்டே இருக்கிறது. சப்ளையில் லைன், நியூட்ரல், எர்த் எல்லாம் சரி. சென்சார் வயர் 0.3 ஓம். கம்பிக்கும் தகட்டுக்கும் இடையில் எதுவும் காட்டவில்லை. ஆனால் பர்னர் தாங்கியிலிருந்து எர்த் ஸ்க்ரூ வரை 38 ஓம், மீட்டர் முனையை அழுத்தினால் எண் மாறுகிறது. தாங்கியைப் பிடித்திருக்கும் இடதுபக்க ஸ்க்ரூக்கள் இரண்டும் துருவேறிக் கிடக்கின்றன. வலதுபக்கம் சுத்தம்.

மின்கம்பி:

அதான் காரணம். துருவுக்கு மேல உட்கார்ந்த இணைப்பு சூட்டில் விரிஞ்சு சுருங்கும்போதெல்லாம் மாறும், அதனாலதான் ரீடிங் ஆடுது.

மெயினும் கேஸும் ஆஃப் பண்ணிட்டு ஒரு ஸ்க்ரூவா கழற்றுங்க. எல்லாத்தையும் ஒண்ணா கழற்றினா பர்னர் இடம் நகர்ந்துடும், ஆரிஃபிஸ் (கேஸ் வரும் சின்னத் துளை) நேர் தப்பிடும். தகடு தகட்டோட தொடுற இடத்தை உலோகம் தெரியும்வரை தேய்ச்சு, அதே அளவு புது ஸ்க்ரூவைப் பல்வாஷரோட போடுங்க. பழைய ஸ்க்ரூவைவிட நீளமா போடாதீங்க. அதுக்குப் பிறகும் 1 ஓமுக்குக் கீழே வரலைன்னா, தாங்கியிலிருந்து போர்டின் எர்த் ஸ்க்ரூவுக்குச் சூடு தாங்கும் தனி வயர் ஒண்ணு இழுங்க.

முடிச்சதும் கேஸைத் திறந்து முதல் முறை பத்த வைக்கறப்ப கூடவே நில்லுங்க. மூணு பர்னரும் ஒரு விநாடிக்குள்ள வரிசையா பத்தணும். ஒண்ணு தாமதமா 'பம்'முனு பத்தினா உடனே நிறுத்திடுங்க, பர்னருக்கிடையே தீ தாவும் பாதை அடைச்சிருக்கு.

தணல்:

வேலை செய்ற அவசரத்தில் எவரும் செய்யக் கூடாதது ஒன்று: பிரஷர் ஸ்விட்ச், லிமிட், ரோல்அவுட், எந்தப் பாதுகாப்பு ஸ்விட்சானாலும் அதை ஒரு துண்டு வயரால் இணைச்சு ஃபர்னஸை ஓட விடாதீங்க. குளிர் தாங்கலைன்னு ராத்திரிக்கு மட்டும் என்று போட்டது அப்படியே நின்னுடும். நடுவில் சின்னப் பட்டன் இருக்கிற ரோல்அவுட் ஸ்விட்ச் டிரிப் ஆகியிருந்தா, தீ பர்னர் அறையைவிட்டு வெளியே வந்திருக்குன்னு அர்த்தம், அழுத்திட்டு மறந்துடற விஷயமில்லை. கேஸ் வாசனை வந்தா லைட் ஸ்விட்சைக்கூடத் தொடாம வெளியே போய் அங்கிருந்து கேஸ் அவசர எண்ணுக்குப் போன் பண்ணுங்க.

செம்பரிதி:

எனக்கு அந்தத் துருவே உறுத்துகிறது. பர்னர் அறை வறண்ட, சூடான இடம். வலதுபக்கம் சுத்தமாக இருந்து இடதுபக்கம் மட்டும் துருப்பிடிக்கிறது என்றால் அங்கே தண்ணீர் சொட்டுகிறது. டார்ச் அடித்து மேலே பாருங்கள்: புகை பைப் இண்டியூசரோடு சேரும் ரப்பர் கப்ளிங், அதற்கு மேல் உள்ள முதல் எல்போ (வளைவுத் துண்டு), இந்த இரண்டு இடங்களிலும் வெள்ளையாகவோ பழுப்பாகவோ கோடு வழிந்திருக்கிறதா?

வடகாற்று:

தாங்கியைத் தேய்த்துப் புது ஸ்க்ரூ போட்டதும் 0.4 ஓம். இப்போது தீ எரியும்போது 3.4 மைக்ரோ ஆம்பியர், ஆடாமல் நிற்கிறது. பர்னர்கள் ஒன்றாகப் பற்றுகின்றன.

செம்பரிதி சொன்னது சரி. எல்போ இணைப்பிலிருந்து பழுப்புக் கோடு ஒன்று இறங்கி, ஃபர்னஸின் மேல் தகட்டு ஓரத்தில் உள்ளே போகிறது. ஓடும்போது தொட்டால் ஈரம். சிலிக்கோன் சீலன்ட் பூசி அடைத்துவிடலாமா?

செம்பரிதி:

வேண்டாம், வேண்டவே வேண்டாம். தண்ணீர் வெளியே வரும் ஓட்டை வழியாகப் புகையும் வெளியே வரும். இந்த வகை ஃபர்னஸில் இண்டியூசர் புகையைத் தள்ளுவதால் பைப்புக்குள் அழுத்தம் வெளியைவிட அதிகம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இணைப்பைச் சரிசெய்யும்வரை ஃபர்னஸை அணைத்து வையுங்கள். படுக்கையறைக்கு வெளியே கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லையென்றால் அதை முதலில் வாங்குங்கள், அலாரத்தின் பின்னால் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதியையும் பாருங்கள்.

சிலிக்கோன் சீலன்ட் இரண்டு காரணத்தால் கூடாது. கண்டென்சிங் ஃபர்னஸின் தண்ணீர் அமிலம் கலந்தது, பூச்சு அடியில் கழன்று வரும். காய்கிற சீலன்டின் ஆவி அதே அறைக் காற்றில் கலந்து, நீங்கள் இப்போது துடைத்த சென்சாரில் போய்ப் படியும்.

செய்ய வேண்டியது: ஒட்டாத எல்போவை வெட்டி எடுத்து, புது எல்போவும் ஒரு கப்ளிங்கும் போட்டு, பைப் முனையின் பிசிறைச் சீவி, முதலில் பிரைமர், பிறகு அந்தப் பைப் வகைக்கு உரிய சிமென்ட். நுழைக்கும்போது கால் சுற்று திருப்பி அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். கிடையாகப் போகும் பைப் ஃபர்னஸை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும், மீட்டருக்கு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர். நடுவில் தொய்வு இருந்தால் அங்கே தண்ணீர் தேங்கி இணைப்பை நனைத்துக்கொண்டே இருக்கும், உங்கள் எல்போ விட்டதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். தொய்ந்த இடத்தில் ஒரு தாங்கி கூடுதலாக அடியுங்கள். இது புகை பைப் என்பதால், கைவராது என்று தோன்றினால் உரிமம் உள்ளவரிடம் விடுங்கள். இந்த வேலை போர்டு மாற்றுவதைவிட முக்கியமானது, செலவும் குறைவு.

சிமென்ட் காய்ந்தபின் ஃபர்னஸை ஓட்டி, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். குமிழி வரக் கூடாது. கையோடு அடியில் உள்ள டிராப்பையும் கழற்றி அலசி, தண்ணீர் நிரப்பியே திரும்ப மாட்டுங்கள். காலியாக மாட்டினால் அந்த வழியாகவும் புகை கசியும்.

எரிகாற்றுக்கு வெளியிலிருந்து தனிப் பைப் போட உங்கள் மாடலில் இடமிருக்கிறதா என்று மேனுவலில் பாருங்கள். பெரும்பாலான கண்டென்சிங் ஃபர்னஸ்களில் இருக்கும். வாஷிங் மெஷின் அறைக் காற்று உள்ளே போகும்வரை சென்சாரில் அந்தப் படலம் திரும்பவும் படியும். ப்ளீச் ஆவியில் உள்ள குளோரின் ஹீட் எக்ஸ்சேஞ்சரையும் அரிக்கும். அதுவரை டிரையர் ஷீட்டையும் ப்ளீச்சையும் அந்த அறையில் வைக்காதீர்கள்.

வடகாற்று:

அணைத்துவிட்டேன். அலாரம் இருக்கிறது, தேதி தாண்டவில்லை. கிடைப் பைப்பில் லெவல் வைத்துப் பார்த்தேன், நடுவில் தெளிவாகத் தொய்ந்திருக்கிறது. உரிமம் உள்ளவரை எல்போவுக்கும் சாய்வுக்கும் சேர்த்துக் கூப்பிட்டிருக்கிறேன். மேனுவலில் எரிகாற்றுப் பைப்புக்கு 2 அங்குல இணைப்பு காட்டியிருக்கிறது, வெளியே புகை பைப் முனையிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும்?

செம்பரிதி:

உங்கள் மேனுவலிலேயே வெளிமுனைக்கான படம் இருக்கும், அந்த அளவுதான் செல்லும், மாடலுக்கு மாடல் மாறும். பொதுவாகப் பார்க்க வேண்டியது: இரண்டு முனையும் வீட்டின் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் காற்றடிக்கும்போது அழுத்தம் மாறிப் பிரஷர் ஸ்விட்ச் திறந்து ஃபர்னஸ் நின்றுவிடும். காற்றெடுக்கும் முனை கீழே பார்த்தபடி, எதிர்பார்க்கும் பனிமட்டத்துக்கு மேலே. புகை திரும்ப உள்ளே இழுபடாதபடி தள்ளி. டிரையர் வெளியேற்றும் துளைக்குப் பக்கத்தில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.